உள்ளங்கை ரசம்

அந்த மெஸ்ஸில் குற்றாலிங்கம் அண்ணாச்சிக்குக் கடைசி ரசம் சோற்றில் விழாது, கையில்தான் விழும். விரல்களை இறுக்கி உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். பரிமாறும் பையன் சங்கிலி ஊற்ற, சர்ரென்று உறிஞ்சிவிட்டு மறுபடி நீட்டுவார். கல்லூரி நாளில் பிடித்த பழக்கம். உடம்பு நாற்காலியில் அடங்காமல் பெஞ்சுக்கு மாறிய பிறகும் விடவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு இரைப்பையைச் சுருக்க ஆபரேஷன். நாளையிலிருந்தே வெறும் நீராகாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இன்று ஆசைதீரச் சாப்பிட வந்திருந்தார். சாம்பாரும் புளிக்குழம்பும் முடித்து வழக்கம்போல் கையை நீட்டினார். சங்கிலி ஊற்றினான். மிளகு வாசம் மூக்கில் ஏறியது. வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றுவிட்டது.

"இனிமே உங்க வயிறு இவ்ளோதான் சார்" என்று டாக்டர் காட்டியதும் இப்படித்தான். விரல்களை இறுக்கி, உள்ளங்கையைக் குழித்து.

"என்ன அண்ணாச்சி, பாத்துக்கிட்டே இருக்கிய? குடிங்க, அடுத்தது ஊத்தணும்லா."

"பொறுடே."

விரலிடுக்கில் ரசம் கசியத் தொடங்கியது. சாப்பாட்டுப் பக்கம் ஒருநாளும் கொண்டுவராத இடது கையை அவசரமாக அடியில் ஏந்தினார் அண்ணாச்சி.