குழுவின் முன்னால் மூன்று நிமிடம்

ஏழு நாற்காலியிலும் ஏழு பேர். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சமூக நலத்துக்கான நாடாளுமன்றக் குழு அப்படி அடக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கொத்தனாருக்குச் சந்தேகம்தான் வந்தது.

பொதுமக்கள் குறை சொல்லும் கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்கே அத்தனை பேரும் ஆஜர். நாற்பது வருஷமாக அரசாங்க வாசல்களில் கால் கடுக்க நின்றவர் அவர். இப்படி ஒரு அதிசயத்தை ஒருநாளும் கண்டதில்லை.

எவனாவது சிபாரிசோடு தனக்கு முன்னால் புகுந்துவிடுவான் என்றுதான் முதல் ஆளாக வந்திருந்தார். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தான், கதவு திறந்து கிடந்தது. நேரே போய் மைக் முன்னால் நின்றார்.

கூட்டத்தைப் படம்பிடிக்க வந்திருந்த கேமராக்காரன் கையை ஆட்டினான். "பேசுங்க பெரியவரே. சும்மா பேசிக்கிட்டே இருங்க."

"சும்மா பேச ரெண்டு பஸ் மாறி வரல நான்" என்றார் கொத்தனார். குழுவின் பக்கம் திரும்பினார். "என் சம்சாரம் இடுப்பெலும்பு முறிஞ்சு ரெண்டு வருஷமா கட்டில்ல கிடக்கா. சக்கர நாற்காலிக்கு எழுதிப் போட்டோம். வரல. இங்க ஸ்டோர்ல வந்து கேட்டா, 'வாங்கிட்டீங்களே, கையெழுத்து இருக்கே'ன்னு நோட்டைக் காட்டுறாங்க. பாத்தேன். கையெழுத்து அழகாத்தான் இருந்துச்சு. எனக்குக் கைநாட்டு மட்டும்தான் சார் தெரியும்."

நடுவில் இருந்த தலைவர் முன்னால் சாய்ந்தார். "அப்ப அம்மாவ யாரு தூக்குறது?"

"நான்தான். எனக்கும் எழுபத்திரெண்டு ஆச்சு. போன வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல."

ஒருவரும் செல்போனைத் தொடவில்லை. ஓரத்தில் இருந்த தடித்த மனிதர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். நடிப்பு என்று நினைத்துக்கொண்டார் கொத்தனார். ஓட்டுக் கேட்டு வரும்போதும் இப்படித்தானே கண் கலங்குகிறார்கள்.

"நீங்களும் ஆவன செய்வோம்னு சொல்லத்தான் போறீங்க. அதைச் சீக்கிரம் சொல்லிட்டா நான் பஸ்ஸப் பிடிச்சிடுவேன்."

தலைவர் அதைச் சொல்லவில்லை. தடித்தவரைப் பார்த்தார். "பின்னாடி ஷெட்டுல சக்கர நாற்காலியா கிடக்குதே, அதானே?"

"அதேதாண்ணே. நாப்பது இருக்கும். அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கல. தினம் அது முகத்துலதான் முழிக்கிறேன்."

"பெரியவரே, இங்க நின்னா வேலைக்கு ஆகாது" என்றார் தலைவர். "ஸ்டோர்கீப்பர் பத்து மணிக்கு மேல சீட்ல இருக்க மாட்டான். இப்பவே போங்க. மனு குடு, நாளைக்கு வான்னா நம்பாதீங்க. கமிட்டி ரூம்லேர்ந்து வர்றேன், ஷெட்டுல இருக்கிற நாப்பதையும் பாத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நடையைக் கட்டுங்க."

கொத்தனாருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனார்.

ஸ்டோர்கீப்பர் மேஜை மேல் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தான். கமிட்டி ரூம் என்றதும் கால் கீழே இறங்கியது. நாப்பதையும் பாத்துட்டாங்க என்றதும் டீ சட்டையில் இறங்கியது.

அவனே ஷெட்டுக்கு ஓடினான். அவனே பெட்டியைப் பிரித்தான், சக்கரத்தை மாட்டினான். கேட்காமலே எண்ணெயும் விட்டான்.

"கைநாட்டு எங்க வைக்கணும்?" என்று கேட்டார் கொத்தனார்.

"அதெல்லாம் அப்பவே வாங்கியாச்சுங்கய்யா. நீங்க எடுத்துட்டுப் போங்க. உள்ள கேட்டா, நல்லா கவனிச்சேன்னு சொல்லுங்க."

அரசாங்கத்தில் ஒருவன் தன்னை ஐயா என்று கூப்பிட்டதே அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

நன்றி சொல்லும் பழக்கம் கொத்தனாருக்குக் கிடையாது. சொல்லும்படி யாரும் நடந்ததும் இல்லை. அன்றைக்கு என்னவோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தோன்றியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூட்ட அறை வாசலுக்கு வந்தபோது மணி பதினொன்றாகியிருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லாம் வேறு முகங்கள். மூன்று நாற்காலி காலி. ஒருவர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார், ஒருவர் கொட்டாவி விட்டார். கைக்குழந்தையோடு ஒரு பெண் மைக் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

"மூணு நிமிஷம் முடிஞ்சுதும்மா" என்றார் நடுவில் இருந்தவர், தலை நிமிராமல். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஆவன செய்வோம்."

கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யாருய்யா இவங்கல்லாம்? நல்ல மனுஷங்கள எழுப்பி விட்டுட்டு அவங்க சீட்ல ஏறி உக்காந்திருக்காங்க. மெம்பருங்க எங்க?"

"மெதுவாப் பேசுங்க பெரியவரே. இவங்கதான் மெம்பருங்க. இப்பத்தான் வந்தாங்க."

"அப்ப காலையில நான் பார்த்தது?"

காவலாளி அவர் காதருகே குனிந்தான். "கேமரா சரி பாக்குறதுக்கு சீட்டுல ஆள் வேணும்னாங்க. வெளிய நின்னவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சோம்."

"யாரை?"

"இவங்க கார் டிரைவருங்கள."