குடத்தில் விழுந்த பெயர்

தமிழ்ச்செல்வி நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

அம்மாவின் போனில் அவள் வைத்திருந்த இன்ஸ்டாவுக்கு எவனோ மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தானாம். எட்டாம் வகுப்பு, ஊர் பெருநகர், ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். பயந்துபோன அம்மா, படித்தது போதும் என்று வீட்டோடு நிறுத்திவிட்டாள்.

தலைமை ஆசிரியர் வேதாசலத்துக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கு எதிரே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேட்டுதான்.

"ஊர்ப் போனெல்லாம் அவன் கையிலதான் மேடம். போட்டோவை எடுத்து நெட்டுல விடுறது வேற யாரு?"

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்திருந்த ஸ்ரீரஞ்சனி, பிள்ளைகளையே கேட்டுவிடலாம் என்றாள்.

பெயரைச் சொல்லப் பயப்படுவார்களே? அதற்கும் வேதாசலமே வழி சொன்னார். உத்திரமேரூர்க்காரருக்கா சொல்லித்தர வேண்டும்? குடவோலை! ஒரு குடம், ஆளுக்கொரு சீட்டு. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எடுத்துக் கொடுக்க ஒரு சின்னப் பிள்ளை.

சத்துணவுக் கூடத்திலிருந்து குடம் வந்தது. சேட்டுவையும் வரவழைத்து வராந்தாவில் நிற்க வைத்தார்கள்.

"புள்ளைங்க என் பேர எழுதினா இன்னிக்கே கடைய மூடிட்டுப் பூடறேன் சார்" என்றான் அவன்.

ஸ்ரீரஞ்சனி ஒரே கேள்விதான் கேட்டாள். "உங்களைக் கேட்காம உங்க போட்டோவை நெட்டுல போடறது யாரு?"

சீட்டுகள் விழுந்தன. வேதாசலம் குடத்தையும் பிள்ளைகளையும் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். நல்ல காரியம் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

ஆறாம் வகுப்பு சஹானா கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். ஸ்ரீரஞ்சனி படித்தாள். இன்னொன்று. அதையும் படித்தாள்.

வேதாசலத்துக்கு ஆவல் தாங்கவில்லை. "சேட்டுதானே மேடம்?"

அவள் சீட்டுகளை அவரிடமே நீட்டினாள்.

'ஹெச்.எம். சார்.'

'ஹெச்.எம். சார். பரிசு வாங்கினா பேரு, கிளாஸு, ஊரு எல்லாம் பேஸ்புக்ல போடுறாரு.'

சஹானா நீட்டிய மூன்றாவது சீட்டை அவர் வாங்கவில்லை. "நான்... நல்லதுக்குத்தானே மேடம்..."

சட்டைப் பையில் போன் ஒலித்தது. சற்று முன் அவர் பேஸ்புக்கில் போட்ட குடப் படத்துக்கு, முன்பின் தெரியாத எவனோ கேட்டிருந்தான்:

'குடத்துக்குப் பக்கத்துல நிக்கிற பாப்பா பேர் என்ன சார்?'