விளக்கின் முன் இன்னோர் இலை

கப்பல்கள் கிளம்புமுன் கணினிக்குள் ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு வீரனின் நகலும், அவனவன் நினைவோடும் பயத்தோடும், எதிரியின் கடற்கரையில் இறங்கியது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. படையெடுப்பையே கைவிட்டார்கள். அந்த வீரர்களில் ஒருவனான கொம்பையா முழு உயிரோடு வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் அம்மா பேச்சியம்மாள் அவனுக்கு ஓர் இலை போட்டாள். விளக்கின் முன் இன்னோர் இலை விரித்து, சோறும் நண்டுக் குழம்பும் படைத்துக் கும்பிட்டாள்.

"இது யாருக்கும்மா?"

"ஒனக்குப் பதிலா செத்தானே, அந்தப் புள்ளைக்கு. அவனுக்கும் நண்டுன்னா உசிருதானல."

"அது வெறும் நகலும்மா."

"பயந்திருப்பான்லா? அவன் புண்ணியத்துலதான நீ ஒக்காந்திருக்க."

ஒத்திகையில் தன் நகல் பேசிய ஒலிப்பதிவைக் கொம்பையா கேட்டிருந்தான். இன்னும் கை வைக்காத தன் இலையிலிருந்து பெரிய நண்டை எடுத்து, அந்த இலையில் வைத்தான்.

"கடைசியா அவன் ஒன்னத்தாம்மா கூப்பிட்டான்."