குமிழி வராத குழாய்கள்

சத்யாவுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலையிலிருந்து கண்ணாடிக் குழாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணமான கை, எவ்வளவு தேய்த்தாலும் அழுக்காகவே தெரிந்தது.

செம்மேட்டில் ஓட்டு வீடொன்றை வாடகைக்கு எடுத்துக் கல்லூரி நடத்திய ஆய்வுக்கூடம் அது. மலையூர்களின் குடிதண்ணீரைச் சோதிப்பது மாணவி சத்யாவின் வேலை. கெட்ட தண்ணீர் என்றால் குழாயில் குமிழி வரும்.

எடப்புளி நாடு என்ற மலையூரில் மாராயி வீட்டுத் தண்ணீரில் போன மாதம் ஒரு குமிழிகூட வரவில்லை. "கெணத்துத் தண்ணி நல்லா இருக்குது, காய்ச்ச வேண்டியதில்ல" என்று சத்யாதான் சொல்லியனுப்பினாள். மாராயியின் மகள் அருணா பேதி கண்டு செத்துப்போனாள்.

அதன்பிறகு சத்யாவே போய் அந்தக் கிணற்றில் மொண்டு வந்தாள். இன்று எல்லாக் குழாயிலும் குமிழி.

"மழை ஒரு சொட்டு இல்ல, அதே கெணறு. அன்னிக்கு நல்லது, இன்னிக்குக் கெட்டதா?" என்றார் பேராசிரியர் தனசேகரன். "குழாய மாத்தி வச்சிருப்ப. அன்னிக்கு நீயே மொண்டியா?"

"இல்லீங்க சார். குடிக்கிற தண்ணி புடிச்சுக் குடுங்கன்னு அந்த அக்காகிட்ட பாட்டிலக் குடுத்தேன். நடந்து போன அசதி. அவங்க வர்றதுக்குள்ள தூங்கிட்டேன்."

"கெணறு ஊட்டுக்குப் பொறத்தால இருக்குது. அதுக்குள்ள ஒரு தூக்கமா? நல்லாப் படிச்ச போ." அவர் வெளியே போய்விட்டார்.

சந்தைக்கு வந்த மாராயி, மிளகுக் கூடையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். சத்யா ஈரக் கையோடு எழுந்தாள்.

"அக்கா, என்னைய நாலு வார்த்த திட்டிட்டுப் போங்க. நான் சொல்லித்தான காய்ச்சாமக் குடுத்தீங்க."

"ஒன்னையத் திட்டுனா எம்புள்ள வந்துருமா கண்ணு." மாராயி குழாய்களைப் பார்த்தாள். "இதென்ன, நொரை கட்டி நிக்குது?"

"உங்க கெணத்துத் தண்ணிங்க. கிருமி இருந்தா இப்படிக் குமிழி வருமுங்க. அன்னிக்குப் பாட்டில்ல நீங்க குடுத்ததுல ஒண்ணுகூட வரல. எங்க தப்புப் பண்ணேன்னே தெரியல."

"அந்தப் பாட்டிலயா சோதன பண்ணுன?"

"ஆமாங்க."

மாராயி கூடையை இறக்கிவைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சோதனைக்குக் கெணத்துல தனியா மொண்டிருப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள். "பாட்டில நீ வழியில குடிக்கக் கேட்டன்னுல்ல நெனச்சேன். காலு வீங்கி வந்த புள்ளைக்கு அந்தக் கலங்கலயா குடுத்தனுப்புவாங்க? மேல பாறை ஊத்துக்கு ஏறிப் போயிப் புடிச்சாந்தேன்."

மாராயி குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெணத்துத் தண்ணி ஒரு பாட்டிலு, நான் ஒனக்கு இன்னும் பாக்கி கண்ணு."