இருபத்தொரு பேருக்குச் சாமான்

ஆளில்லாமல் ஓடும் அந்தக் கப்பல் தூத்துக்குடிக்கு வரும்போதெல்லாம் இருபத்திரண்டு பேருக்கு அரிசி, காய்கறி கேட்கும். ஆட்கள் இருந்த காலத்துப் பழக்கத்தை அதன் மூளையிலிருந்து அழிக்க யாரோ மறந்துவிட்டார்கள் என்று, கப்பல்களுக்கு மளிகை கொடுக்கும் செலஸ்டின் நினைத்துக்கொள்வார். கேட்டதைக் கொடுப்பதுதானே தொழில். சாமான் ஏறும், போன தடவைப் பெட்டிகள் காலியாக, கழுவித் துடைத்து இறங்கும்.

இன்று இருபத்தொரு பேருக்குத்தான் கேட்டிருந்தது. கூடவே ஒரு வெள்ளைத் துணி. கொடி அரைக்கம்பத்தில் தொங்கியது.

"அதுல ஆளே கிடையாதே, யாருங்க செத்திருப்பாவ?" என்றாள் வண்டியில் கூட வந்திருந்த மனைவி ஜெனோவா.

"யாரா இருந்தா என்ன, நம்ம வழக்கத்த விட முடியுமா?"

கப்பலில் சாவு என்றால் அவர் கடையிலிருந்து ஒரு மாலை போகும். சாமானோடு அதையும் வைத்தார். கப்பலின் கிரேன் அலுங்காமல் தூக்கிக்கொண்டது.

"சரி, வாங்க போவோம். சுகர் மாத்திர போட்டியளா?"

"மறந்துட்டேன். வீட்ல போய் போட்டுக்கிடுதேன்."

அவருடைய போன் ஒலித்தது. கப்பல் தன் ஆர்டரைத் திருத்தியிருந்தது: இருபத்திரண்டு பேர். ஒருவருக்குச் சுகர் மாத்திரை.

இத்தனை வருஷத்தில் யாருக்காகவும் இறங்காத கப்பல் ஏணி, மெல்ல இறங்கி, செலஸ்டினின் காலடியில் வந்து நின்றது.