வலை இல்லாத படகு

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தின் பக்கமிருந்து படகுகள் வருவதைச் செவ்வந்திதான் முதலில் பார்த்தாள்.

அப்போது அவள் கணவர் லோகநாதன் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

காலையில் எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டதிலிருந்து இருவரும் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. பசித்தபோது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பிறகு பசிக்காமலே இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவள் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் என்றைக்கோ கேட்ட ஒரு பாட்டைப் பாதி வரைக்கும் பாடிவிட்டு, மீதி மறந்துபோய் விசிலடித்தார்.

மணி என்ன என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கலியாணமாகி இருபத்தாறு வருடம். ஏரியில் எத்தனையோ முறை படகேறியிருக்கிறாள். கடலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. அவர்கள் குப்பத்துப் பெண்கள் மீனைக் கரையில் வாங்குவதோடு சரி. இங்கே தண்ணீர் இவ்வளவு நீலமாக இருக்கும் என்று இந்த மனிதர் ஒரு நாளாவது வாய் திறந்து சொல்லியிருக்கிறாரா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

மீனுக்குப் போகிற படகுகள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் விடியும் முன்னே போய்த் திரும்பிய படகுகள் மத்தியானத்துக்கு மேல் மறுபடி எதற்குக் கிளம்ப வேண்டும்? அதுவும் எட்டுப் படகு. அதுவும் நேராக இவர்களைப் பார்த்து.

“யோவ், எழுந்திரு. ஊரே வருது.”

லோகநாதன் பதறி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு படகுக்குள் சுற்றும் முற்றும் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வலை இல்லை. ஒரு பொய் சொல்வதற்காவது தூண்டில் கயிறு கிடந்திருக்கலாம். அதுவும் இல்லை. இருந்ததெல்லாம் இட்லி கட்டிய காகிதமும், ஒரு தண்ணீர் பாட்டிலும், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அவளும்தான்.

எட்டுப் படகும் சுற்றி வந்து எஞ்சினை நிறுத்தின. முதல் படகின் முனையில் லோகநாதனின் அண்ணன் குப்பன் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

“வல துறையில கெடக்குது. படகக் காணோம். பக்கத்துலயே ரெண்டு ஜோடி செருப்பு. போன் போட்டா போவல. நாங்க இன்னான்னுடா நெனைக்கறது?”

என்ன நினைத்தார்கள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வலையை விட்டுவிட்டுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒருவன் கடலுக்குப் போனால், திரும்பி வரும் எண்ணத்தோடு போகவில்லை என்றுதானே ஊர் நினைக்கும்.

தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவரப்பட்ட ஆண்கள் பட்டுப்புடவையைப் பார்த்தார்கள். பூவைப் பார்த்தார்கள். கடைசிப் படகிலிருந்து மைத்துனன் முறையுள்ள கவியரசன்தான் ஆரம்பித்தான்.

“அஞ்சு வாரம் முன்ன கண்ணாலம் ஆனது புள்ளைக்கு. ஹனிமூனு வந்துகீறது நைனாவும் அம்மாவும்.”

பயம் போன இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குத் தாவியது.

செவ்வந்திக்குக் காது மடலெல்லாம் சுட்டது. வீடாக இருந்தால் உள்ளே போய் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்றுகொள்ளலாம். இங்கே எங்கே போவது?

குப்பனுக்குப் பின்னால் நின்றிருந்த அவள் மகன் பிரவீன் மட்டும் சிரிக்கவில்லை.

“பொன்னேரிக்குக் கண்ணாலத்துக்குப் போறேன்னுதானம்மா சொல்லிட்டுப் போன?”

பொய்யும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

லோகநாதன் தொண்டையைச் செருமினார். உள்ளதைச் சொல்லிவிடப் போகிறார். அவள் அவர் காலை அழுத்தி மிதித்தாள்.

உள்ளது இவ்வளவுதான். வீடு ஒரே அறை. நடுவில் ஒரு புடவையைக் கட்டி, அந்தப் பக்கம் பிரவீனும் புது மருமகள் வைஷ்ணவியும், இந்தப் பக்கம் இவர்கள். ஐந்து வாரமாக அந்தப் பக்கத்திலிருந்து வளையல் சத்தம்கூட வந்ததில்லை. அந்தப் பெண் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிறாள் என்பதை நேற்றுத்தான் செவ்வந்தி கண்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, பிரவீனுக்குக் கம்பெனி கிடையாது. பொன்னேரியில் இல்லாத ஒரு கலியாணத்தை உண்டாக்கி, அதற்குத் தகுந்தபடி உடுத்திக்கொண்டு, இவர்கள் இருவரும் வீட்டைச் சின்னஞ்சிறுசுகளுக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். போக வேறு இடம் தெரியாமல், ஊர் மீன் ஏலத்தில் இருந்த நேரம் பார்த்துப் படகேறினார்கள்.

இதை இங்கே சொன்னால் எட்டுப் படகும் கேட்கும். நாளைக் காலையில் குழாயடியில் அந்தப் பெண் எந்த முகத்தோடு குடம் வைப்பாள்?

“நான்தான் கூட்டினு போன்னு சொன்னேன்” என்றாள் செவ்வந்தி, எல்லாருக்கும் கேட்கும்படி. “கடலப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதுக்கு இன்னா இப்போ?”

குப்பன் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ விசிலடித்தார்கள். சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவள் நிமிர்ந்தே நின்றிருப்பாள். உச்சி வெயிலுக்குப் பிறகு வீட்டையும் பிள்ளைகளையும் அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். அதுதான் அவளைக் குனியவைத்தது.

மெல்லக் கண்ணை உயர்த்தி மகனைப் பார்த்தாள். யாரோ சாத்திய கதவைத் தட்டிச் சேதி சொன்ன வேகத்தில் அப்படியே எழுந்து ஓடிவந்திருப்பான். சட்டையின் உள்பக்கம் வெளியே இருந்தது. தோளிலும் கையிலும் தையல் ஓரங்கள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.