பழைய பிரிண்டர்

வீட்டு வைஃபையில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று தணிகாசலம் தினமும் காலையில் செல்போனில் பார்ப்பார். இன்று பட்டியலில் புதிதாக ஒன்று இருந்தது: 'கருவின் துடிப்பு காட்டும் பட்டை'. நேற்றுதான் மகள் இளவேனில் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்துபோனதில், மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

மனைவியும் இந்தப் பட்டியலைப் பார்ப்பாளே! அவசரமாக அதன் பெயரைப் 'பழைய பிரிண்டர்' என்று மாற்றினார்.

சாப்பிடும்போது மனைவி வசுமதி செல்போனைப் பார்த்தாள்.

"ஏங்க, பிரிண்டரத்தான் போன வருஷமே எடைக்குப் போட்டுட்டோமே?"

தணிகாசலம் நிமிரவில்லை. இளவேனில் துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வசுமதி இருவரையும் பார்த்தாள்.

"சரி, அது பாட்டுக்கு ஓடட்டும். யாரும் நிறுத்திடாதீங்க" என்றவள், மகளின் தட்டில் வைத்திருந்த பப்பாளித் துண்டுகளைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.